ஒரு குடும்பத்துக்கு ஒரு படைப்பு

ஜூன் 3

அன்புத் தங்கைக்கு,

நலம். மாப்பிள்ளையும் நலம்தானே? மின்னணுக் கருவிப் போட்டி நடத்துபவர்களின் கடிதம் உனக்கும் வந்திருக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு படைப்புதான் என்பது விதியாம். என் தண்ணீர்த்தொட்டி அலாரத்தையும் உன் விளக்கையும் சேர்த்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். கட்டிக்கொடுத்த தங்கை எப்படி ஒரே குடும்பம் ஆவாள் என்று போனில் கேட்டேன். "விதியில அதெல்லாம் எழுதலைங்க. நீங்களே பேசி ஒருத்தர் விலகிடுங்க" என்கிறான் அங்கே போனை எடுத்தவன்.

நீ விலகிவிடு. வருடா வருடம் அனுப்பி ஒருமுறைகூடப் பெயர் வராதவன் நான். உனக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்தவனும் நான்தான், ஏறிய ஏணியை எட்டி உதைக்காதே. இந்த முறை எவர் குறுக்கே வந்தாலும் கையைக் காலை உடைப்பேன்.

உன் அண்ணன்

ஜூன் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோபத்திலும் உன் கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. இரண்டு பேருடையதையும் ஒரே பெட்டியில் போட்டு, அனுப்புநர் என்று ஒரே முகவரியை எழுதிய மகாராசன் யார்? தபால் செலவை மிச்சம் பிடித்தது நீ, திட்டு மட்டும் எனக்கா?

போட்டிக்கு அனுப்பியது நகல். முதலில் செய்த விளக்கு எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. காது கேளாத உன் மாப்பிள்ளைக்கு வாசல் மணி எட்டாது. இப்போது மணி அடித்தால் விளக்கு எரிகிறது, எனக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறார். அதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். நான் விலக மாட்டேன். நேரில் வா, இருவரும் சேர்ந்து போட்டி நடத்துபவர்களோடு சண்டை போடுவோம்.

உன் தங்கை

ஜூன் 20

தங்கைக்கு,

அடிக்கவென்று நான் வரவில்லை. வேலைக்குப் போகும் வழி என்பதால் பையில் சுத்தியல் இருந்தது. மாப்பிள்ளை சிரித்ததும் என்னை ஏளனம் செய்வதாகத் தோன்றிவிட்டது. நீயும் கையைக் குறுக்கே நீட்டியிருக்கக் கூடாது.

போலீசுக்குப் போகாதே. நீரடித்து நீர் விலகுமா? போட்டியிலிருந்து விலகுவதாக மட்டும் எழுதிப் போட்டுவிடு. இல்லையென்றால் மறுபடி வருவேன்.

உன் அண்ணன்

ஜூலை 1

ஐயா,

இடது கையால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வலது கையில் இரண்டு விரல்கள் நொறுங்கிவிட்டன. இனி அந்தக் கையால் ஈயம் உருக்கிச் சாலிடர் பிடிக்க முடியாது என்கிறார் மருத்துவர்.

நீங்கள் மணி அடித்ததும் விளக்கு எரிந்தது. என் கணவர் ஆசையாக ஓடிவந்து திறந்தார். முதல் அடி அவர் வாயில் விழுந்தது. கீழே விழுந்தவரை மிதித்தீர்கள். அவர் அலறியது அவருக்கே கேட்கவில்லை. எனக்கு இன்னும் கேட்கிறது. பிறகு விளக்கை என் கையோடு சேர்த்து அடித்தீர்கள்.

போலீசில் சொல்லிவிட்டேன். போட்டி நடத்துபவர்களுக்கும் எழுதிவிட்டேன், விலகுகிறேன் என்று அல்ல. நீங்கள் என் குடும்பமா என்று கேட்டார்கள். இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். இரண்டு படைப்புகளும் இப்போது போட்டியில் இருக்கின்றன. இனி உங்களுக்கு யாரும் குறுக்கே இல்லை.

சுவரில் புது விளக்கு மாட்டிவிட்டோம். நான் கை காட்டக் காட்ட அவரே சாலிடர் வைத்தார். முன்பு போல அது எரிந்ததும் ஓடுவதில்லை. ஜன்னல் வழியாக யாரென்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்.

இப்படிக்கு,
உங்களோடு போட்டியில் இருக்கும் ஒருத்தி