டூர் டைரியில் ஒரு வியாழக்கிழமை

மார்ச் 3

அன்புச் சின்னுவுக்கு அம்மா எழுதுவது. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நேற்று கோர்ட் நோட்டீஸ் வந்தது. உன் மாமன் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடாமலே எழுந்து போய்விட்டான். சொந்தத் தாய்மாமன் மேல் நஷ்டஈட்டு வழக்கா? அதுவும் பதினொரு வருஷம் கழித்து? ஏதோ கோபத்தில் ஓர் அறை விட்டான், காதில் பட்டுவிட்டது. நான் மட்டும் ஆபீஸ் டூர் போகாமல் வீட்டில் இருந்திருந்தால் குறுக்கே விழுந்து தடுத்திருப்பேன். இன்னொரு காது நன்றாகத்தானே கேட்கிறது? வாபஸ் வாங்கு, ராஜாத்தி.

அம்மா

மார்ச் 11

அன்புள்ள அம்மாவுக்கு,

ஓர் அறை இல்லை அம்மா. டியூஷனிலிருந்து தாமதமாக வந்ததற்குக் கதவைச் சாத்திக்கொண்டு பெல்ட்டால் அடித்தார். உன்னைக் குறை சொல்லவில்லை. நீ ஊரில் இல்லை என்பதுதான் இத்தனை வருஷமும் எனக்கு ஆறுதல். மறுநாள் காலை பயணப் பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, "இப்பதான்டி பஸ்ஸ விட்டு எறங்கினேன்" என்று அழுதாயே.

உன்னிடம் ஒப்புக்கொண்டவர் கோர்ட்டில் வேறு கதை சொல்கிறார். அந்த வாரம் அக்காவுக்குத் துணையாக டூர் போயிருந்தாராம். நீ தனியாகத்தான் போனாய் என்று காட்ட பஸ் டிக்கெட் போதும். தணிக்கைக்குப் போய்வந்ததும் டூர் டைரியில் டிக்கெட்டை ஒட்டிக் கொடுப்பாயே, அந்த ஃபைலை ஆபீஸில் வாங்கித் தா.

உன் சின்னு

மார்ச் 17

சின்னு,

அந்த ஃபைலைக் கரையான் அரித்துப் பல வருஷமாகிறது. ரிட்டயர் ஆகிற நேரத்தில் ஆபீஸில் என் பெயரை இழுக்காதே. என் மேல் கொஞ்சமாவது பாசம் இருந்தால் அதைத் தொடாதே.

அம்மா

ஏப்ரல் 9

அம்மா,

கோர்ட் உத்தரவு போட்டதும் உன் ஆபீஸ் அந்த ஃபைலின் நகலை என் வக்கீலம்மாவிடம் கொடுத்துவிட்டது. ஒரு மூலைகூட அரிக்கவில்லை. ஒரே ஆளுக்கான டிக்கெட். மாமாவின் பொய் உடைந்தது என்று வக்கீலம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு பக்கத்தைத் திருப்பினார்.

நீ திரும்பி வந்த பஸ் வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. கீழே உன் கையெழுத்தில், "வியாழன் பிற்பகல், வீட்டு மாடியறையில் தணிக்கை அறிக்கை எழுதினேன்." அவர் என்னை அடித்தது அன்று சாயங்காலம்.

தேதியைத் தப்பாக எழுதிவிட்டேன் என்று ஒரு வரி எழுது அம்மா. நம்பிவிடுகிறேன்.

சின்னு

ஏப்ரல் 15

சின்னு,

ஆபீஸ் டைரியில் நான் ஒருநாளும் தப்பு எழுதியதில்லை. மாடியில்தான் இருந்தேன். நீ "அம்மா, அம்மா" என்று கத்தியது கேட்டது. இறங்கி வந்திருந்தால் யாராவது ஒருவர் பக்கம் நிற்க வேண்டியிருந்திருக்கும். அவனுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ எப்படியும் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். அதனால் அறிக்கையை எழுதி முடித்தேன். விடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

பெற்றவள் என்று இரக்கப்பட்டு அந்தப் பக்கத்தைக் கோர்ட்டில் காட்டாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா

ஏப்ரல் 22

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

டைரியின் அந்தப் பக்கமும், இம்மாதம் பதினைந்தாம் தேதி நீங்கள் எழுதிய கடிதமும் இன்று தாக்கலாகிவிட்டன. வழக்கில் இதுவரை ஒரு பிரதிவாதிதான். உங்களை இரண்டாவதாகச் சேர்க்க மனு கொடுத்திருக்கிறோம். இனி எதுவானாலும் வக்கீல் மூலம் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வாதி