அம்மா அச்சிட்ட பாடங்கள்

லம்பாங், ஜூன் 3

அன்பு மகள் வாரீக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது. மூன்று வயதில் அப்பாவோடு நார்வேக்குப் போனவள், இப்போது “உங்க பாஷையிலயே உங்களோட சண்ட போடணும்” என்கிறாய். வெள்ளைக்காரர்களுக்கு நம் தாய்லாந்து மொழியைக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவள் நான். உனக்கு மாட்டேன் என்பேனா?

முதலில் ஆள், அடுத்து செயல், பிறகு பொருள். ‘நான் சாப்பிடு சோறு.’ நேற்று என்று சேர்த்தால் நேற்று, நாளை என்றால் நாளை; நடுவில் செயல் மாறவே மாறாது. மறுப்பதற்குச் செயலுக்கு முன்னால் ‘மாய்’ போடு. சண்டைக்கு நிறையத் தேவைப்படும்.

உன் அம்மா,
பிரனோம்

பெர்கன், ஜூலை 20

அன்புள்ள அம்மா,

இங்குள்ள நம்மூர்ச் சமையல்காரியிடம் பேசிப் பார்த்தேன். “என்னடி, ரெண்டு வயசுக் கொழந்த மாதிரி பேசுற!” என்று சிரித்தாள்.

போன முறை வந்தபோது ஆங்கிலத்தில் விருந்தாளிகள் மாதிரி மரியாதையாகவே பேசித் தொலைத்தோம். என்னை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்க வாய் வரவில்லை. டிசம்பரில் வந்து கேட்பேன்.

வாரீ

லம்பாங், செப்டம்பர் 9

மகளே,

உனக்கு எழுதிய பாடங்களைப் புத்தகமாக அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அட்டையில் வெள்ளைச் சட்டை போட்ட என் படம். பக்கத்து வீட்டு சோம்ஜித், “எல்லாரும் சமையல் குறிப்பு போடுவாங்க, நீ இலக்கணம் போடுறியாக்கும்!” என்று கேலி செய்தாள். பிறகு ஏனோ அழுதாள். முடிந்தால் டிசம்பருக்கு முன்பே வா.

அம்மா

பெர்கன், செப்டம்பர் 24

அம்மா, வாழ்த்துகள்!

வெளியீட்டு விழா என்றைக்கு? டிசம்பருக்குத் தள்ளிவையுங்கள். எனக்குப் பத்துப் பிரதி வேண்டும்.

வாரீ

லம்பாங், அக்டோபர் 18

அம்மா,

கோயிலில் உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் புத்தகக் கட்டுகள் இருக்கின்றன. தகனத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க, இறந்தவர் பேரில் புத்தகம் போடுவது இங்கே வழக்கமாம். எந்தப் பாடத்திலும் நீ இதைச் சொல்லவில்லை, உன் நோயையும் சொல்லவில்லை. நான் வாழ்த்து எழுதினேன்.

சோம்ஜித் சாப்பாட்டுத் தட்டைக் கையில் கொடுத்து, “பெட்டியத் தட்டிச் சாப்பிடக் கூப்பிடுடி. மக கூப்பிட்டாத்தான் அவ வருவா” என்றாள்.

நீ போய்விட்டாய் என்று தெரிந்தும் சண்டை போடத்தான் வந்தேன். கேள்வியைக்கூட விமானத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். தட்டினேன். “அம்மா சாப்பிடு சோறு” என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

“நல்லா பேசுறியேடி!” என்றாள் சோம்ஜித்.

இந்தத் தாளை, தகனத்தின்போது எல்லாரும் வைக்கும் சந்தனச் சீவல் பூவோடு உன் பக்கத்தில் வைக்கிறேன்.

உன் மகள்