எஜமானியம்மா கொடுத்த மாவு

முலாஞ்சே,
3 ஜூன் 1996

அன்புத் தங்கை லெஸினாவுக்கு,

நாங்கள் நலம், நீ எப்படி என்றுதான் தெரியவில்லை.

உன் மகள் யன்கோவின் வயிற்றுக் கட்டியை அறுத்தே எடுக்க வேண்டுமாம். பதினேழாம் தேதி பிளான்டைர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். கூட இருந்து சமைத்துப் போட நான் போகிறேன்.

நேற்று இருவருமாகப் பை கட்டினோம். பாய், போர்வை, பேசின், பானை, கருவாடு, உப்பு எல்லாவற்றையும் அவளே கேட்டுக் கேட்டு அடுக்கினாள். அடியில் நான் ஒளித்து வைத்திருந்த கறுப்புத் துணிகள் அவள் கையில் சிக்கிவிட்டன.

"பெரியம்மா, இது எதுக்கு?"

"தலையில கட்டிக்கத்தான்."

"சாவுக்குத்தானே கறுப்பு கட்டுவீங்க?" என்றவள், அவற்றை மடித்து அங்கேயே வைத்தாள்.

எனக்கு வெட்கத்தில் உடம்பே குன்றிப்போயிற்று. பக்கத்து வீட்டு எஸ்தெரே போன வருஷம் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போய், இரவல் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு பிணத்தோடு திரும்பினாளே, அந்த நினைப்பில் வைத்துவிட்டேன். அம்மா வருவாளா என்று யன்கோ தினமும் கேட்கிறாள். வந்துவிடு.

உன் அக்கா,
மெலியா


லிலோங்வே,
9 ஜூன் 1996

அக்காவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் பை கட்டச் சொன்னால் நீ என் பிள்ளையைக் குழிக்கு அனுப்ப மூட்டை கட்டியிருக்கிறாய். ஒரு பிள்ளை பெற்றிருந்தால் அந்தத் துணியைத் தொட உனக்கு மனம் வந்திருக்குமா?

எஜமானியம்மாவிடம் லீவு கேட்டேன். "உங்க ஊர்ல எப்பவும் யாருக்காவது நோவு. ஒவ்வொண்ணுக்கும் நீ கிளம்பிட்டா இங்க யாரு சமைக்கிறது? சாவுன்னா சரி, அதுக்கு யாரும் தடை சொல்ல மாட்டாங்க" என்கிறாள்.

எப்படியாவது வருவேன் என்று யன்கோவிடம் சொல்.

லெஸினா


முலாஞ்சே,
8 ஜூலை 1996

அன்புத் தங்கைக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டோம். தையல் ஆறிவிட்டது. நேற்று கொய்யா மரத்தில் ஏறப் பார்த்தாள், அதட்டி இறக்கினேன்.

நீ எழுதிய சொல் சுட்டது. பெறாதவள்தான் நான், என்ன செய்ய? ஆனால் நீ மாவு மூட்டையோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது எல்லாம் விட்டுப் போயிற்று. ஆஸ்பத்திரிக் கொட்டகையில் தங்கள் நோயாளிகளுக்குச் சமைத்த பெண்கள் எல்லாரும் நம் களியில் பங்கு தின்று, "உன் தங்கச்சிக்கு வாய்ச்ச எஜமானி தங்கம்டி" என்றார்கள். அந்தக் கல் எப்படித்தான் இளகியதோ, ஆண்டவர் அவளை ஆசீர்வதிக்கட்டும்.

ஒரு சந்தோஷம் கேள். யன்கோ உன் எஜமானியம்மாவுக்குக் கடிதம் எழுதி, தானே போய்த் தபாலிலும் போட்டுவிட்டாள். "எங்கம்மாவ அனுப்பி வெச்சாங்க, மாவும் குடுத்தாங்க. நாந்தானே நன்றி சொல்லணும்?" என்கிறாள். அந்த அம்மா படித்துவிட்டு என்ன சொன்னாள் என்று உடனே எழுது.

உன் அக்கா,
மெலியா


லிலோங்வே,
19 ஜூலை 1996

அக்கா,

இதை யன்கோ பக்கத்தில் இல்லாதபோது படி.

கடிதம் வந்தது. கேட்டில் தபால் வாங்குவது நான் என்பதால் என் கையில் கிடைத்தது. அதை எஜமானியம்மாவிடம் எப்படிக் கொடுப்பேன்? என் மகள் செத்துவிட்டாள் என்று சொல்லித்தான் லீவு வாங்கினேன்.

சொன்னதும் எஜமானியம்மா தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். அந்த மாவு சாவு வீட்டுக்கென்று கொடுத்தது. அதைக் கிண்டித்தான் என் பிள்ளைக்கு ஊட்டினேன், ஒவ்வொரு வாய்க்கும் கை கூசியது. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவள் யன்கோவின் ஆத்துமாவுக்காக ஜெபிக்கிறாள். நான் பக்கத்தில் நின்று ஆமென் சொல்கிறேன்.

நீ பயந்துபோய் ஒரு துணியை எடுத்து வைத்தாய், அவ்வளவுதான். நான் வாய் திறந்து என் பிள்ளையைப் புதைத்துவிட்டேன். உன்னைப் பிள்ளை பெறாதவள் என்று எழுதிய நான் என்ன பெற்றவள்? மன்னித்துக்கொள் அக்கா.

கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். இனி யன்கோ இந்த விலாசத்துக்கு எழுதக் கூடாது. காரணம் ஏதாவது நீயே சொல்லிக்கொள். எஜமானியம்மா ரொம்பச் சந்தோஷப்பட்டாள் என்று சொல். கையெழுத்து முத்து முத்தாக இருப்பதாகப் பாராட்டினாள் என்றும் சொல். அதுமட்டும் பொய்யில்லை, எரிக்கும் முன் நான் படித்தேன்.

லெஸினா