குவளையில் நான் எழுதிய பேர்

மார்ச் 4

பிரஷர் 150/95. மாத்திரை போட்டாச்சு. டாக்டரம்மா இந்த நோட்டில் பிரஷரை மட்டும்தான் எழுதச் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கையில் இவ்வளவு வெள்ளைத் தாளைக் கொடுத்தால் சும்மா விடுவேனா? ஆலையில் என்னை ரேடியோ என்று கூப்பிடுவது சும்மாவா?

இன்று கரிக்கட்டை எங்கள் துண்டு மடிக்கும் மேசைப் பக்கம் வந்தாள். வெளுக்கிற தொட்டியில் நின்று நின்று இருமல் கூடிவிட்டதாம். "அத்தனை துண்டையும் முக்கி வெள்ளையாக்குற, நீ மட்டும் ஏண்டி வெளுக்கல?" என்றேன். மேசையே குலுங்கியது. அவளும் சிரித்தாள். நல்ல பிள்ளை. எதற்கும் கோபம் வராது.

மார்ச் 6

பிரஷர் பார்க்கவில்லை. மெஷினில் பேட்டரி தீர்ந்துவிட்டது.

மார்ச் 11

ஆலையில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நம் துண்டுகள் நாலு நாட்டுக்குப் போகின்றன. அந்த நாலு நாட்டுத் தொழிற்சங்கமும் வாங்குகிற கம்பெனிகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். நிறமும் நாடும் பார்த்து ஆளைப் பிரிக்கிற ஆலையில் ஒரு துண்டுகூட வாங்கமாட்டோம் என்று. விசாரிக்க ஒரு குழு வருகிறது.

யாரோ எங்கள் குவளை அலமாரியைப் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நீலக் குவளை, எங்களுக்கு வெள்ளை. அவர்களுக்குப் பின்வாசல். தொட்டி வேலையும் அவர்களுக்கு மட்டும்தான். சூப்பர்வைசர் முகம் செத்துப்போயிருந்தது. "சார், முகத்தையும் ஒரு தடவை முக்கி எடுங்க, பளிச்சுனு ஆகிடும்" என்றேன்.

கரிக்கட்டை காதோரம் வந்து கேட்டாள். "அக்கா, இவங்க சொன்னா என்னைத் தொட்டியிலேருந்து மாத்துவாங்களா?" ஆறு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். டாக்டர் சீட்டுக்கூடக் காட்டிப் பார்த்துவிட்டாள்.

"மாத்தாம என்ன? என் பக்கத்து நாற்காலி உனக்குத்தான். நான் பேசுறேன் பாரு."

மார்ச் 19

குழு வந்தது. என்னைக் கேட்டவர் நரைமுடி அம்மா ஒருவர், பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர். குவளை, பின்வாசல், தொட்டி, இருமல், ஒன்று விடாமல் சொன்னேன். நடுவில் இரண்டு ஜோக். அந்த அம்மா சிரிக்கவில்லை. மொழிபெயர்த்தவர் விட்டுவிட்டாரோ என்னவோ.

கடைசியில் ஒரு கேள்வி. "நீலக் குவளைகளில் பேர் எழுதியது யார்?"

"சூப்பர்வைசர்தாங்க எழுதச் சொன்னார்."

பொய் இல்லையே. சொன்னது அவர்தான். பேரைக் கேட்டு எழுது என்றார். எல்லோரிடமும் கேட்டேன். அவளிடம் மட்டும் கேட்கவில்லை. துணிக்குக் குறி போடுகிற மையால் 'கரிக்கட்டை' என்று எழுதி அவள் கையில் கொடுத்தேன். அவள் வேலைக்கு வந்த முதல் நாள் அது. பக்கத்தில் ஒருத்தியிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சிரித்தாள்.

கேட்டதுக்குப் பதில் சொன்னேன். அவ்வளவுதான்.

மார்ச் 20

160/100. உப்பைக் குறைக்க வேண்டும்.

ஏப்ரல் 8

சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்காரவைத்து அறிக்கையைப் படித்தார்கள். யார் சொன்னது என்று பேர் போடவில்லை. ஆனால் இதைச் சொன்னவள் யார் என்று கூடத்துக்கே தெரிந்தது:

"தனிக் குவளை கொடுத்தது முதலாளி. அதை என்னால் வெறுக்க முடிந்தது. என் நிறத்தை எனக்குப் பேராக வைத்தது ஒரு தோழி. பேச்சுத்துணைக்கு அவள் ஒருத்திதான் இருந்தாள். சிரிக்காவிட்டால் அவளும் இருக்கமாட்டாள். ஆறு வருஷம் சிரித்தேன்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9

என்னையும்தான் ரேடியோங்கிறாங்க. நான் போய் யார்கிட்டயாவது அழுதேனா? அவ புள்ளைக்குக் காய்ச்சல்னு ஃபோன் வந்தப்ப அவளோட உக்காந்திருந்தது யாரு? நான்தானே? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல — அக்கா, அப்படிக் கூப்பிடாதன்னு —

வீட்டுக்காரரிடம் கொட்டினேன். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பியா?" என்றார்.

அதையும் ஒரு ஜோக்காக்கி மேசையில் சொல்லியிருப்பேன். எனக்கே தெரியும்.

ஏப்ரல் 15

நாலு நாட்டுக்காரர்கள் சொன்னது நடந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே வெள்ளைக் குவளை. பின்வாசலைப் பூட்டியாச்சு. சூப்பர்வைசரை வேறு ஆலைக்கு அனுப்பிவிட்டார்கள். தொட்டி வேலை இனி எல்லோருக்கும் முறைவைத்து. அவளுக்கு மடிக்கும் மேசை கிடைத்தது. என் பக்கத்து நாற்காலி.

காலையில் நாற்காலியைத் துடைத்துப் போட்டு வைத்தேன். மதியம் வரை யாரும் வரவில்லை. அப்புறம்தான் சொன்னார்கள், அவள் சாயங்கால ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாளாம். அதுவும் கிடைக்காவிட்டால் தொட்டிக்கே திரும்பிப் போகிறேன் என்றாளாம்.

அந்த இருமலோடு.

ஏப்ரல் 17

நீலக் குவளைகளைக் குப்பையில் போட்டிருந்தார்கள். அவளுடையதைத் தேடி எடுத்து வந்தேன். மண்ணெண்ணெய் போட்டேன், மணல் போட்டுத் தேய்த்தேன். அந்த மை போகாது. இருபது வருஷமாக அதே மையில் குறி போடுகிறவள் நான். தெரிந்தேதான் தேய்த்தேன்.

ஏப்ரல் 24

அவள் பேர் என்ன?

மேசையில் ஒருத்திக்கும் தெரியவில்லை. கேட் வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. ஆபீசில் கேட்டேன். "மடிக்கிற மேசையில சாயங்கால ஷிஃப்ட், வெளிநாட்டுப் பொண்ணு" என்றேன். கிளார்க் ரிஜிஸ்டரைத் திறக்கக்கூட இல்லை. "யாரு, நம்ம கரிக்கட்டையா?" என்றார் சிரித்தபடி.

அவர் அவளை நேரில் பார்த்ததே இல்லையாம்.

ஒன்றும் கேட்காமல் திரும்பி வந்தேன். கேட்பதென்றால் அவளிடமே கேட்க வேண்டும்.

மே 2

மேசையில் யாரும் சிரிப்பதில்லை. நான் பேசினால்தானே.

மே 6

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் முன்வாசலில் நின்றேன். வந்தாள். கூப்பிட வாயெடுத்தேன். என்னவென்று கூப்பிட? கையை நீட்டி மறித்தேன்.

நின்றாள். இருமல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"உன் பேர் என்னம்மா?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியுமே, அக்கா" என்றாள். சிரித்தாள். அதே சிரிப்பு. ஆறு வருஷமாக நான் பார்த்த அதே சிரிப்பு. அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

பிரஷர் பார்க்கவில்லை.