குளிரில் கேட்ட மன்னிப்பு

அகிதா,
பனி இன்னும் விடவில்லை.

என் அன்புக்குரியவருக்கு, ஃபுசாயே எழுதுவது.

காய்ச்சல் இறங்கியதா? அதனால்தான் நேற்று மேல்முறையீட்டு விசாரணைக்கு உங்களைச் சிறையிலிருந்து அழைத்து வரவில்லை என்று வக்கீல் ஹதகேதா சொன்னார். கம்பளி உள்ளாடை அனுப்பியிருக்கிறேன். போட்டுக்கொள்ளுங்கள், மடித்து வைக்காதீர்கள். கூரைப் பனியை நானே தள்ளினேன். இடுப்பு போய்விட்டது.

நேற்று நிஷிகாதா அம்மாவை மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். மதுக்கடைக்காரரை அடித்துவிட்டு ஓடியவன் நீங்கள்தான் என்று கைகாட்டினாரே, அவர்தான். ஓடியவனுக்குத் தொப்பி, முகக்கவசம்; போதாததற்குக் கொட்டும் பனி. அந்த அம்மா தெருவின் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தது. அந்த ஒரு சாட்சியை நம்பித்தான் கீழ்க்கோர்ட்டில் உங்களுக்கு ஆறு வருடம் போட்டார்கள்.

அது நீங்கள்தான் என்று எப்போது நிச்சயமானது என்று வக்கீல் கேட்டார். அந்த அம்மா எதையும் மறைக்கவில்லை. ஸ்டேஷனில் வேறு யாரையும் காட்டாமல் உங்களை மட்டும் கொண்டுவந்து நிறுத்தினார்களாம். முதலில் அடையாளம் பிடிபடவில்லையாம். "அப்புறம் அவரே இடுப்பு வரைக்கும் குனிஞ்சு, இந்தக் குளிர்ல உங்களுக்குச் சிரமம் குடுத்துட்டேன், மன்னிச்சிருங்கன்னாரு. தப்பு செய்யாதவரு எதுக்கு மன்னிப்பு கேக்கணும்? அப்பத்தான் இவருதான்னு முடிவு பண்ணேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பேருந்தில் உங்கள் காலை மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்ட மனுஷன் நீங்கள். உங்கள் மரியாதையில் தீயை வைக்க.

மூன்று நீதிபதிகளில் நடுவில் இருந்தவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, அவர் குனியாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டார். அந்த அம்மா, "தெரியலைன்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். இது நமக்குச் சாதகம் என்கிறார் வக்கீல். எனக்கு நம்புவதற்குக்கூடத் தெம்பில்லை.

வெளியே வராந்தாவில் அந்த அம்மா என்னைப் பார்த்துக் குனிந்தார். பதிலுக்குக் குனியக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் என் முதுகு தானாகக் குனிந்துவிட்டது. பழகின முதுகை என்ன செய்வது.

தீர்ப்பு அடுத்த மாதம். உடம்புக்கு முடியாவிட்டாலும் வந்துவிடுங்கள். பின்வரிசையில் இருப்பேன். எதை வாசித்தாலும், தயவுசெய்து யாரிடமும் மன்னிப்புக் கேட்காதீர்கள். என்னிடமும் வேண்டாம். தலையைக் குனியாமல் என் பக்கம் திரும்புங்கள். அந்த முகத்தை நான் ஒரு தடவை முழுசாகப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் நடுவில் நிறுத்தினாலும் எனக்குத் தெரிந்த முகம் அது.

விளக்கை அணைக்காமல் காத்திருக்கும்,
உங்கள் ஃபுசாயே