மாடி அறைக் கேபிள்

அக்கா,

இன்று மாமா வீட்டில் இருக்கும்போது ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் பழைய கேபிளைக் கழற்றிவிடச் சொன்னார். மாடி அறையில் டிவிப் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுத் திருகினேன். நாம் மாட்டிய கனெக்டர் கையோடு வந்தது. நடுவில் செம்புக் கம்பி இன்னும் நீட்டிக்கொண்டிருக்கிறது.

நீங்கள் இந்த வீட்டின் மூத்த மருமகள், நான் இளையவள். ஆண்கள் மில்லுக்குப் போனபின் வெளியாள் யாரும் உள்ளே வரக் கூடாது என்பது அத்தையின் சட்டம். மாடிக் கேபிளை எலி கடித்தபோது, வந்த கேபிள்காரர் வாசல் கேட்டோடு திரும்பிப் போனார். "கீழ டிவி ஒண்ணு ஓடுதல்ல, போதும்" என்றார் மாமா. கீழே ஓடுவது அவருடைய செய்தி மட்டும்தான்.

"கேட்டாத்தான வேண்டாம்பாங்க? நம்மளே மாட்டிப்போடலாம் அம்மணி" என்றீர்கள். புரட்டாசிச் சனிக்கிழமை காரமடைக் கோயிலுக்குப் போனோம். அத்தை வரிசையில் நிற்க, நீங்கள் கடைவீதிக்கு நழுவினீர்கள். கனெக்டர் தேங்காய்க் கூடையில், துளசிக்கு அடியில் வீடு வந்து சேர்ந்தது.

காய் நறுக்கும் கத்தியால் கறுப்பு உறையைச் சீவினோம். பின்னல் கம்பியை மடக்கிவிட்டு வெள்ளை உறையையும் உரித்தால், நடுவில் ஒற்றைச் செம்புக் கம்பி. "இது துருத்திட்டு இருந்தா ஷாக் அடிக்குமல்ல?" என்று நகவெட்டியால் ஒட்ட நறுக்கினீர்கள். நானும் தலையாட்டினேன். படம் வரவில்லை.

தூசி தட்டுவதுபோல் கீழே போய் மாமாவின் டிவியைப் பின்பக்கம் பார்த்தேன். அதில் கம்பி வெளியே நீண்டிருந்தது. அதுதான் பெட்டிக்குள் போய்த் தொட வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. மறுபடி சீவினோம், இந்த முறை நறுக்காமல். படம் வந்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள். "இந்த ஊட்டுல தலைய நீட்டுனாத் திட்டு உளுகும். இது மட்டும் நீட்டிட்டு இருந்தாத்தான் உசுரு!"

கீழே கேட்காதிருக்கச் சத்தத்தை முழுதும் குறைத்து, தினமும் மதியம் ஊர் ஊராகப் பார்த்தோம். திரையில் வருபவர்களுக்கு நீங்களே பேசுவீர்கள். பனிமலை ஏறுகிற வெள்ளைக்காரரைப் பார்த்து, "ஏனுங்க, மேல காப்பி கெடைக்குங்களா?" சன்னலைத் திறந்தால் தெரிகிற நீலகிரிக்கு நாம் இருவரும் போனதில்லை.

வேலைக்குப் போக வேண்டும் என்ற ஆசையை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். "மொதல்ல வேல கெடைக்கட்டும் கண்ணு. மாமாகிட்ட நான் பேசறேன்." ஆடியில் காய்ச்சலென்று படுத்தீர்கள். கோவை ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

வேலை கிடைத்துவிட்டது, அக்கா. கோவையில் ஒரு கல்லூரி. நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். "அப்பா சரின்னா எனக்குஞ் சரி" என்கிறார் என் வீட்டுக்காரர். மாமாவிடம் பேச நீங்கள் இல்லை.

பழைய வயரைக் குப்பையில் போடச் சொன்னார்கள். கனெக்டரை மட்டும் வெட்டி எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

"மாமா, ஒண்ணு சொல்லோணுங்க."

அவர் திரும்பவில்லை. "நியூஸ் முடியட்டும் அம்மணி."

ஒரு செய்தி போய் இன்னொன்று வந்தது. சமையலறையிலிருந்து அத்தை இருமுறை கூப்பிட்டார். கம்பி உள்ளங்கையில் குத்திக்கொண்டே இருந்தது. நான் நகரவில்லை, அக்கா.