டேர்னர் வீடுகளுக்கு எழுதியது

ரெய்னர்ஸ் லேன்
14.11.1989

அன்பு மகள் சந்திரவதனாவுக்கு,

அப்பா எழுதுவது. நாங்கள் சுகம் என்று தொடங்கப் பேனா வரவில்லை பிள்ளை, நீ எங்கேயிருந்தாலும் சுகமாயிருக்க வேண்டும். அம்மாவுக்கு வருகிற மாதம் நாலாம் திகதி இருதயத்தில் ஆபரேஷன். அதற்கு முன்னம் உன்னைக் காணவேண்டும் என்று கேட்கிறாள், வாயால் இல்லை, தபால்காரன் வருகிற நேரம் கதவடியில் போய் நிற்கிறாள். உன் விலாசம் என்னிடம் இல்லை. இரண்டு வருசத்துக்கு முன்னம் நீ போட்ட கடிதத்தை உடைக்காமலே கிழித்து எறிந்தவன் நான்தான். அவளுக்கு அது தெரியாது, நீ எழுதவேயில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். உறையின் பின்பக்கம் என் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் டேர்னர் என்று உன் வெள்ளைக்காரனின் பெயர் கிடந்ததைக் கண்டு ஏறிய விசரில், கீழே என்ன தெரு, என்ன ஊர் என்றுகூடப் பார்க்கவில்லை. எங்கள் பெடியன் ஒருவனைக் கட்டியிருந்தாலும் என் பெயர் போய் அவன் பெயர்தானே வந்திருக்கும், அது அன்றைக்கு என் மரமண்டையில் ஏறவில்லை.

லண்டன் டெலிபோன் புத்தகத்தை எடுத்தால் பக்கம் பக்கமாக டேர்னர். ஊரில் போல எல்லாரும் ஒரே சாதிசனமாக இருப்பார்கள், ஒருவரைப் பிடித்தால் மற்றவரைக் காட்டித் தருவார் என்று நம்பி முதலாவது ஆளுக்குப் போன் அடித்து, உங்கட சொந்தக்காரப் பெடியன் ஒருவன் எங்கட பிள்ளையைக் கட்டியிருக்கிறான், அவன்ர வீடு எது என்று கேட்டேன். அந்த மனிசன் பாவம், தன் தமையனைத் தவிர வேறு டேர்னர் ஒருத்தரையும் தனக்குத் தெரியாது என்றார். லைப்ரரியில் வேலை செய்கிற பெண் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து காட்டினாள். டேர்னர் என்றால் அந்தக் காலத்தில் மரம் கடைகிறவர்களாம், கோப்பை, கட்டில்கால் எல்லாம் கடைகிறவர்கள். ஊருக்கு ஊர் ஒருவர் இருந்தபடியால் நாடு முழுக்க அந்தப் பெயராம், ஒருவருக்கொருவர் ஒட்டுமில்லை உறவுமில்லையாம். நீ முதன்முதலில் வந்து ஒருவரைக் கட்டப்போகிறேன் என்று சொன்னபோது, என்ன ஆக்கள், என்ன சாதி என்றுதானே நான் கேட்டேன், அவருடைய பெயரைக்கூடக் கேட்கவில்லை. இப்போது என்ன ஆக்கள் என்று தெரிந்துவிட்டது. அதை வைத்து நான் என்ன செய்ய, சொல்லு.

அதனால் புத்தகத்தில் இருக்கிற ஒவ்வொரு டேர்னர் வீட்டுக்கும் இதையே திரும்பத் திரும்ப எழுதிப் போடுகிறேன். நீ லண்டனில்தான் இருக்கிறாயோ, அதுவும் நிச்சயமில்லை. போட்டோக் கொப்பி எடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக் குகதாசன் சொன்னான், பெற்ற பிள்ளைக்குக் கொப்பியா அனுப்புவது? இது நூற்றுப் பதினெட்டாவது. லூயிஷாமில் ஒரு கிழவி, என்ன எழுதியிருக்கிறதென்று விளங்கவில்லை, ஆனால் அவசரம்போல் தெரிகிறது, எறிய மனம் வரவில்லை என்று துண்டெழுதித் திருப்பி அனுப்பியிருந்தாள். யாரோ ஒருத்திக்கு வராத மனம் எனக்கு வந்ததே. அதை நினைத்தால் சோறு இறங்குதில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு திரி, சின்னனிலிருந்தே உனக்குக் காதுவலி. மருமகனுக்கும் என் ஆசீர்வாதம், அவர் பெயரை வந்து சொல்லு. கடிதம் கிழித்த கதையை நீ வந்தபின் அம்மாவுக்கு நானே சொல்லுகிறேன், அதற்கு முன்னம் சொல்லத் தைரியமில்லை. நாலாம் திகதி, மறந்துவிடாதே. வீடும் போன் நம்பரும் மாறவில்லை.

இந்த வரிவரைக்கும் வாசித்திருந்தால் நீதான் என் பிள்ளை. உடனே வா.

உன் அப்பா
கணேசலிங்கம்